சுவரிடமும் சொல்லிவிடு

ஜனவரி 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ இளைத்துப் போயிருப்பாய் என்று அம்மா சொல்கிறாள். பார்க்காமலே எப்படித் தெரியும் என்று கேட்டால், குரலிலேயே தெரிகிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் ஒன்றும் பேசவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. சொல்ல நிறைய வைத்திருந்தேன். போனைக் காதில் வைத்ததும் எல்லாம் எங்கோ போய் ஒளிந்துகொண்டு "ம்" மட்டும் மிஞ்சுகிறது. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்களே, அன்றைக்கும் இப்படித்தான் ஆனது. அதோடு பள்ளிக்கூடத்துக்கே முழுக்குப் போட்டேன். போனுக்கு அப்படிப் போட முடியாது. "உன் ம்-மைக் கேட்கவா ஊரு விட்டு ஊரு போன் பண்றேன், ஊமைக்கோட்டானே, எழுதியாவது போடு" என்றாய் அல்லவா? எழுதுகிறேன்.

பெரிய செய்தி இதுதான். அப்பா கிழக்கு வயலில் சோளம் போடவில்லை.

நின்றுகொண்டு படித்தால் உட்கார்ந்துகொள்.

போன வருஷம் சோளத்தைப் புழு தின்றது உனக்குத் தெரியும். மிஞ்சியதை ஏற்ற வந்த தீவன மில்காரர் ஒரு கதிரை உரித்துப் பார்த்தார், கீழே போட்டார், காலி லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அப்பா அந்தக் கதிரை எடுத்து டிராக்டர் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வெகுநாள் அது அங்கேயே கிடந்தது. பிறகு ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்: "கிழக்கு வயல்ல காய்கறி போட்டுப் பாக்கலாம்னு இருக்கேன். எல்லாத்தையும் கலந்து. நம்ம ஊர்லயே வித்துக்கலாம்."

அம்மா கரண்டியும் கையுமாக நின்றுவிட்டாள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நீ அதே இடத்தில் உட்கார்ந்து சொன்னது இதேதான். ஒரு வார்த்தை மாறவில்லை. "அடேங்கப்பா, புது யோசனையா இருக்கே! யாருக்குங்க தோணும் இது!" என்றாள் அம்மா. அப்பா தட்டிலிருந்து தலையை எடுக்கவே இல்லை.

ஆனால் ஒரு சீசன்தான். ஏப்ரல் கடைசியில் மில்காரர் வந்து கேட்பார். அதற்குள் காய்கறி கைகொடுக்காவிட்டால் கிழக்கு வயலும் சேர்த்து எல்லாம் மறுபடி சோளம். அப்படி ஆகிவிடக்கூடாது அண்ணா. சோளம் ஆள் உயரத்துக்கு வளர்ந்தபிறகு நம் சமையலறை ஜன்னலில் எதுவும் தெரியாது, உனக்கே தெரியும். இப்போது தெருவில் சைக்கிளில் போகிறவர் வரைக்கும் தெரிகிறது.

இன்னொன்று. நீ கேட்காமல் போட்ட இரண்டு வரிசை அவரையை அப்பா உன் கண் முன்னாலேயே டிராக்டர் ஓட்டி அழித்தார் இல்லையா? "போடா" என்றார், நீயும் அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டாய். அதனால் உனக்குத் தெரியாது. வேலியோரம் டிராக்டர் திரும்ப முடியாத மூலையில் கொஞ்சம் செடி தப்பியது. அதன் விதையை நான் வருஷாவருஷம் எடுத்துப் பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தேன். போன வாரம் அப்பா வந்து, "அந்த டப்பா எங்கம்மா?" என்றார். எந்த டப்பா என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்தேன். வேலி நெடுக ஊன்றியிருக்கிறார்.

முள்ளங்கியும் விதைத்தாகிவிட்டது. அப்பா சோளம் விதைக்கிற கருவியையே மாட்டி, ஒரே நாளில், வயலில் பாதியை முடித்துவிட்டார். கோடு போட்ட மாதிரி நேராக இருக்கிறது. பார்க்க அவ்வளவு அழகு.

அன்புடன்,
உன் ஊமைக்கோட்டான்

ஜனவரி 29

என் அருமை ஊமைக்கோட்டானுக்கு,

அண்ணன் எழுதிக்கொண்டது. உன் கடிதம் வந்தது. பேச்சுக்கு ஒரு எழுத்து, கடிதத்துக்கு நாலு பக்கம். உன்னைப் புரிந்துகொள்ள இன்னொருத்தி பிறந்துதான் வரவேண்டும்.

எனக்கு வேலை அதே குளிர்கிடங்கில்தான். எந்த ஊர்த் தக்காளி என்று தக்காளிக்கே தெரியாது. பெட்டி பெட்டியாக வருகிறது. நான் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அடுக்கிவைக்கிறேன், எடுத்து அனுப்புகிறேன். ஒவ்வொன்றும் ஒரே அளவு, ஒரே நிறம். கடித்துப் பார்த்தால் பெட்டியின் ருசி. வெளியே வெயில் எரிக்கும்போது மூக்கு ஒழுகுகிற ஒரே ஆள் இந்த ஊரில் நான்தான். இளைக்கவில்லை என்று அம்மாவிடம் சொல். இப்போது என் எடையில் பாதி உடுப்புதான்.

உன் கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முள்ளங்கியை ஒரே நாளில் விதைத்தீர்களா? பாதி வயலையுமா? நன்றாக யோசித்துச் சொல். ஒரு வாரம் கொஞ்சம், அடுத்த வாரம் கொஞ்சம் என்றெல்லாம் இல்லையா?

சரி, விடு. விதைத்தது விதைத்ததுதான். பிப்ரவரி கடைசியில் கோணி நிறைய எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேறொன்றும் சொல்வதற்கில்லை.

அவரையைப் பற்றி எழுதியிருந்ததையும் படித்தேன். அதைப் பற்றி எழுத இப்போது வரவில்லை. ஊருக்கு வரச்சொல்லி மட்டும் எழுதாதே. அந்த டிராக்டர் சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

அன்புடன்,
பெட்டி அடுக்கும் அண்ணன்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

உனக்கு முதலிலேயே தெரியும், இல்லையா? "கோணி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியபோது நீ சிரித்துக்கொண்டே எழுதினாய், இல்லையா?

ஒரே நாளில் விதைத்தது ஒரே வாரத்தில் விளைந்துவிட்டது. சனிக்கிழமை ஒரு முள்ளங்கிகூட எடுக்கிற பருவத்தில் இல்லை. அடுத்த சனிக்கிழமை எல்லாமே பருவம். அப்பா விடியற்காலையில் வயலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நல்லா வந்திருக்கு" என்றார். கொஞ்சம் கழித்து, "எல்லாமே நல்லா வந்திருக்கு" என்றார். சோளமாக இருந்தால் அவருக்கு அதுதானே சந்தோஷம்? ஒரே நாள் அறுப்பு, ஒரே லாரி, வேலை முடிந்தது. முள்ளங்கிக்கு லாரி வராது என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தோன்றியிருக்கிறது. விட்டுவைத்தாலும் உள்ளே பஞ்சாகிவிடும்.

அண்ணா, வீட்டில் நடக்க இடமில்லை. குளிக்கிற தொட்டியில் முள்ளங்கி. உன் கட்டிலில் முள்ளங்கி. அம்மா ஒன்றை நகர்த்திவிட்டுத்தான் இன்னொன்றை எடுக்கிறாள். வேகவைத்து, வதக்கி, துருவி, பச்சையாக, எல்லா விதமாகவும் சாப்பிட்டோம். நம் வீட்டில் யாரும் யார் பக்கத்திலும் உட்காருவதில்லை.

அம்மா பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற சனிக்கிழமைச் சந்தையில் இடம் பிடித்துக் கூவிக் கூவி விற்றாள். பஸ் டிரைவருக்கு, முடிதிருத்துகிறவருக்கு, போஸ்ட் ஆபீஸ்காரருக்கு, ஒருவரையும் விடவில்லை. "வாங்கலைன்னாலும் பரவால்ல, சும்மாவாவது எடுத்துட்டுப் போங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று அவள் சொன்னதைக் கேட்டு முடிதிருத்துகிறவர், "நேத்து குடுத்ததே வீட்டுல இருக்கும்மா, எம் பொண்டாட்டி என்னையே உள்ள விடலை" என்று கும்பிட்டார்.

இதில் அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சுத்தமாகக் குரல் இல்லை. அடுத்த சந்தைக்கு யார் போவது? அப்பாவும் நானும்தான்.

எங்கள் இரண்டு பேரையும் நினைத்துப் பார். இத்தனை வருஷம் லாரிக்காரரைத் தவிர யாருக்கும் எதையும் விற்காத ஒருவர். "ம்" தவிர ஒன்றும் வராத ஒருத்தி. ஒரு பெண்மணி வந்து, "என்ன விலைங்க?" என்று கேட்டதும் அப்பா திரும்பித் தராசைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். நான் மேஜைக்குக் கீழே எதையோ தேடினேன். கீழே ஒன்றும் இல்லை. அந்த அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "கடையா, கண்காட்சியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் நான் அட்டைப்பெட்டியைக் கிழித்து எழுதி வைத்தேன். "இன்று விடிகாலை பிடுங்கியது. சின்னது காரம் குறைவு. கீரையைத் தூக்கிப் போடாதீர்கள், அதையும் சமைக்கலாம். விலை இதோ. நாங்கள் அதிகம் பேச மாட்டோம், மன்னிக்கவும்." கடைசி வரியைப் படித்துவிட்டு ஆட்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வாங்கினார்கள். எடுத்துப் போனது எல்லாம் தீர்ந்தது.

அம்மா எழுதிக் காட்டுகிறாள்: "அவனை நல்லா சாப்பிடச் சொல். முள்ளங்கி வேண்டுமா கேள்."

அன்புடன்,
ஊமைக்கோட்டான்

மார்ச் 13

ஊமைக்கோட்டானுக்கு,

என் கட்டிலில் முள்ளங்கி படுத்திருக்கிறது என்று படித்துவிட்டுக் கிடங்கில் சத்தம் போட்டுச் சிரித்தேன். மேற்பார்வையாளர், "குளிர்ல மூளை உறைஞ்சுபோச்சாப்பா?" என்று கேட்டார். அவருக்கும் படித்துக் காட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்கப்பா தங்கமான மனுசன்டா" என்றார். அவருக்கு என்ன தெரியும்?

அப்பா தராசைத் துடைத்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அவர் யாருக்கும் முதுகைக் காட்டி நான் பார்த்ததில்லை.

அந்த அட்டையைப் பத்திரமாக வை. ஆனால் அட்டை எல்லாவற்றுக்கும் பதில் சொல்லாது. யாராவது அதில் எழுதாததைக் கேட்டால் என்ன செய்வாய்?

வேலியோரத்தில் பூ விட்டதா? சும்மா கேட்டேன்.

அண்ணன்

ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ சும்மா கேட்டதற்குச் சும்மா சொல்கிறேன். பூ விட்டது, காயும் விட்டது. உன் அவரை ஊதா நிறம் என்று உனக்கு நினைவிருக்கிறதா? வேலியே ஊதாவாக இருக்கிறது. கத்தரியும் வெண்டையும்கூட வந்துவிட்டன. வெண்டையை ஒருநாள் விட்டால் மறுநாள் கத்தி இறங்காது. அப்பாவுக்குக் காலையில் வெண்டை, சாயங்காலம் வெண்டை. "சோளம் இப்படியா நச்சரிச்சுது?" என்கிறார். ஆனால் முகம் அப்படிச் சொல்லவில்லை.

போன மாதக் கடைசிச் சனிக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். அன்று "கடையா, கண்காட்சியா" என்றாரே, அவர் தையல்கடை வைத்திருக்கிறவராம். திரும்பவும் வந்தார். கூட நாலைந்து பேர். அவரையைக் கையில் எடுத்துப் பார்த்து, "இதென்ன நிறம்? சாயம் கீயம் முக்கி வச்சிருக்கீங்களா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார். பக்கத்தில் நின்றவர் எடுத்ததைக் கீழே வைத்துவிட்டார். அட்டையில் இதற்குப் பதில் இல்லை. அப்பாவின் காது சிவந்துவிட்டது. வாய் திறக்கிறது, வார்த்தை வரவில்லை. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் அண்ணா. எனக்கு மட்டும்தான் தெரியும்.

"சாயம் இல்லீங்க" என்று யாரோ சொன்னார்கள். நான்தான். "பொறந்ததே இந்த நிறம். வெந்தா பச்சையாயிடும். சட்டியில தண்ணி கொதிக்கும்போது போட்டுட்டு அங்கேயே நின்னு பாருங்க. கண்ணு முன்னாடியே மாறும். மாறலைன்னா அடுத்த வாரம் கொண்டு வந்து என் தலையில கொட்டுங்க."

தையல்கார அம்மா என்னைப் பார்த்து, "அட, பேசுதே இது!" என்றார். பக்கத்தில் இருந்தவர், "இப்படி ஒரு விதை எங்கம்மா கெடைச்சுது?" என்று கேட்டார். நான் சொல்வதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"எம் பையன் போட்டது" என்றார். அவ்வளவுதான். சொல்லிவிட்டுத் தராசைத் துடைக்கத் திரும்பிவிட்டார். வெகுநேரம் துடைத்தார்.

அடுத்த வாரம் தலையில் கொட்ட யாரும் வரவில்லை. வரிசையில் நிற்க வந்தார்கள். அவரை மட்டும் இல்லை, கூட நாலு காயும் எடுக்கிறார்கள். ஆனால் பயமாகவும் இருக்கிறது. முதல் கத்தரி முடிகிறது, அடுத்தது இன்னும் பிஞ்சு. முள்ளங்கி கேட்கிறார்கள், நம்ப மாட்டாய், இப்போது முள்ளங்கியே இல்லை. ஒரு வாரம் மேஜை நிறைய, ஒரு வாரம் காலி. "காலி மேஜையை நம்பி வருஷம் முழுக்க இருக்க முடியுமா? மில்காரன்கிட்ட சரின்னு சொல்லிடலாம் போல இருக்கு" என்று அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மில்காரர் இருபத்தைந்தாம் தேதி வருகிறார்.

அப்பா உன்னிடம் எதுவும் கேட்கச் சொல்லவில்லை. ஆனால் நான் இதை எழுதும்போது அறைக்குள் வந்து நின்றார். "எதை எந்த வாரம் விதைச்சா மேஜை காலியாகாம இருக்கும்னு தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா நல்லா இருக்கும்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சுவர் ஒன்றும் சொல்லவில்லை.

அன்புடன்,
உன் தங்கை

ஏப்ரல் 14

அன்புத் தங்கைக்கு,

நீ பேசியதைப் படித்தேன். மேற்பார்வையாளருக்குப் படித்துக் காட்டவில்லை. இது எனக்கே எனக்கு.

மற்றதெல்லாம் சுவருக்கு. படித்துக் காட்டிவிடு.

மரியாதைக்குரிய சுவருக்கு, வணக்கம். சோளத்தை மறந்துவிடுங்கள். கிழக்கு வயலை நீளவாக்கில் விதைக்காமல் குறுக்கே பாத்தி பாத்தியாகப் பிரியுங்கள். முள்ளங்கியும் கீரையும் வாரம் ஒரு பாத்தி, அதற்கு மேல் ஒரு விதைகூட வேண்டாம், கை அரித்தாலும் வேண்டாம். வெண்டை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. முதல் கத்தரி பூவெடுக்கும்போதே அடுத்த நாற்று தயாராக இருக்க வேண்டும். முள்ளங்கி எடுத்த பாத்தியில் அவரையோ பயறோ போடுங்கள், மண்ணுக்கும் நல்லது. அந்த விதைக்கும் கருவியைக் கழற்றி வைத்துவிடுங்கள். கையால் விதையுங்கள். முதுகு வலிக்கும். சுவர்களுக்கு முதுகு வலிக்காது என்று நம்புகிறேன்.

இதெல்லாம் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் சொல்ல நினைத்தது. காய்கறி போடலாம் என்றதோடு சரி, எப்படி என்று அன்று நானும் சொல்லவில்லை. கேட்காமல் ராத்திரியோடு ராத்திரியாக இரண்டு வரிசை ஊன்றிவிட்டு, பிடித்த பிடியில் நின்றேன். நம் வீட்டில் யாருக்கும் வாய் வேலை செய்வதில்லை, உனக்கு மட்டும் இல்லை.

நான் வருவதைப் பற்றி நீ கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததும் கேட்டது மாதிரிதான் இருந்தது. நான் எப்படி வருவது? என்னைப் போகச் சொன்னவர் வா என்று சொல்லவில்லையே. சுவர் கூப்பிட்டால் வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்

ஏப்ரல் 22

அண்ணா,

எழுத நேரமில்லை. பாத்தி பிரிக்கிறோம். சுவருக்குப் படித்துக் காட்டினேன், முழுவதும். "கை அரித்தாலும்" என்ற இடத்தில் சுவர் இருமியது. கடைசிப் பத்தியை மட்டும் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கித் தானே படித்தது. திருப்பித் தரவில்லை.

மில்காரர் வெள்ளிக்கிழமை வருகிறார். அதற்குள் கடைசிப் பாத்தியையும் பிரித்தாக வேண்டும்.

தங்கை

ஏப்ரல் 26

என் அன்புத் தங்கைக்கு,

நேற்று நீ போன் செய்தபோது நான் என்ன பேசினேன் என்று நினைவிருக்கிறதா? எனக்கு நினைவிருக்கிறது. "ம்." அவ்வளவுதான். தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் கண்ணெல்லாம் கலங்க, "ம், ம்" என்று கொட்டிக்கொண்டிருந்தேன். முழுக்க முழுக்க நீதான் பேசினாய். சொல்ல வராததை எழுதிப் போட வேண்டும் என்று உன்னிடம்தான் கற்றுக்கொண்டேன். அதனால் எழுதுகிறேன்.

மில்காரர் வண்டியை விட்டு இறங்காமலே, "என்ன பெரியவரே, எல்லாம் சோளம்தானே?" என்றதும், நீ மண்வெட்டியோடு முன்னால் வந்து, "சோளத்துக்கு எடமில்லைங்க, இந்த வாரம் கீரைப் பாத்தி, அடுத்த வாரம் முள்ளங்கிப் பாத்தி, எல்லாம் பேசி வச்சாச்சு" என்றதும், அவர் "பெரியவங்க பேசட்டும்மா" என்றதும், அப்பா, "பெரியவங்க பேசியாச்சு. அதான் இப்ப பேசுச்சே" என்று உன்னைக் காட்டியதும்... இதை நீ சொன்னபோது பின்னால் அம்மா சிரித்தது எனக்குக் கேட்டது. தொண்டை சரியாகிவிட்டது போல.

பிறகு நீ, "இருண்ணா, ஒருத்தர் பேசணுமாம்" என்று போனைக் கொடுத்தாய். முதலில் கேட்டது மூச்சு மட்டும். அந்த மூச்சை எனக்குத் தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டு,

"நான் சுவர் பேசறேன்" என்றது.

"ம்" என்றேன்.

"முதுகு வலிக்குதுடா. வா."

நான் அதற்கும் "ம்"தான் சொன்னேன். அது என்ன "ம்" என்று அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. அதனால் நீயே சொல்லிவிடு. மேற்பார்வையாளரிடம் கணக்கு முடித்துவிட்டேன். ஸ்வெட்டர்களை அவருக்கே கொடுத்துவிட்டேன். பதிலுக்கு அவர் கேட்பது ஒன்றுதான், வெந்ததும் பச்சையாகிற அந்த அவரையில் ஒரு பை.

புதன்கிழமை பஸ்ஸில் வருகிறேன். இந்தக் கடிதம் முந்துகிறதா, நான் முந்துகிறேனா பார்ப்போம். என் கட்டிலைக் காலி செய்து வை. அடுத்த வாரத்து முள்ளங்கிப் பாத்தியை அதற்குள் யாரும் விதைத்துவிடக்கூடாது. அது என்னுடையது. சுவரிடமும் சொல்லிவிடு. கை அரித்தாலும் கூடாது.

இப்படிக்கு,
ம்,
உன் அண்ணன்